கோலப் புள்ளி, தறி அட்டை, கைபேசித் திரை

(பாலவனத்தத்தில் நெசவாளர் குடும்பத்தினர், மகளிர் சுய உதவிக் குழுவினர், மாணவர்கள் ஆகியோரிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



கலையும் வடிவமைப்பும் புதுத் தொழில்நுட்பமும் ஒண்ணா சேர்ற இடத்தைப் பத்திப் பேசச் சொன்னாங்க. தலைப்பைக் கேட்டதும் சென்னையில கண்ணாடிக் கட்டடத்துக்குள்ள ஏசி போட்டுப் பேசுற விஷயம்னு தோணும். எனக்கு அப்படித் தோணலை. இங்கேயிருந்து அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய், ஏதாவது ஒரு நெசவுத் தெருவுல இறங்கி நின்னா போதும். தறிச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துலதான் இந்த மூணும் ரொம்ப காலமா சேர்ந்து இருக்கு.

இன்னொரு காரணமும் உண்டு. பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினவர். ஓலைச்சுவடியில கிடந்த தமிழை அச்சுக்குக் கொண்டுவரணும்னு செலவு பண்ணினவர். சிங்காரவேலு முதலியாரோட 'அபிதான சிந்தாமணி' 1910-ல் புத்தகமா வந்ததுல அவர் பங்கு பெரிசு. அன்னைக்கு அச்சு இயந்திரம்தான் புதுத் தொழில்நுட்பம். அதே மனுஷன்தான் வ.உ.சி.யோட சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் தோள் கொடுத்தார். இந்த ரெண்டையும் சேர்த்து ஞாபகம் வச்சுக்கோங்க: புதுசைக் கையில எடுக்கிறது ஒண்ணு, நம்ம பொருளை நம்ம கையிலேயே வச்சுக்கிறது இன்னொண்ணு. இன்னைக்கு நான் சொல்லப்போற சிக்கல் இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கு.

முதல்ல கோலத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

"பதினஞ்சு புள்ளி, ஊடுபுள்ளி, எட்டு வரை." இந்த ஒரு வரியைச் சொன்னா இங்கே இருக்கிற அக்காமார்ல பாதிப் பேருக்கு மனசுக்குள்ள கட்டம் விழுந்துடும். நடுவுல பதினஞ்சு, அதுக்கு மேலயும் கீழயும் பதினாலு, பதிமூணுன்னு குறைஞ்சு எட்டுல நிக்கும். பதினஞ்சு வரிசை, மொத்தம் 169 புள்ளி. இதை யாரும் எண்ணிப் பார்த்து வைக்கிறதில்லை. விதி தெரியும், கை போகும். ஒரு சின்ன விதியைச் சொல்லி ஒரு பெரிய படத்தை வரவழைக்கிறதுக்குக் கம்ப்யூட்டர்காரங்க நிரல்னு பேர் வச்சிருக்காங்க. நான் விளையாட்டுக்குச் சொல்லலை. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூணு பேரும் கோலத்தைக் கணினி இலக்கண விதிகளா எழுதிக் காட்டி 1974-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. உலகத்துல கணினி அறிவியல் படிக்கிறவங்க அதை இன்னமும் எடுத்துப் படிக்கிறாங்க. நம்ம வாசல்ல தினமும் காலையில போட்டு, ராத்திரிக்குள்ள காலடியில அழிஞ்சு போறதுதான் அது.

இப்போ தறிக்கு வாங்க. கரையில ஒரு மயில் வரணும். படம் வரைஞ்சாச்சு. ஆனா தறிக்கு மயில் தெரியாது. நெட்டுல ஓடுற பாவு நூல்ல எந்த நூல் மேலே போகணும், எது கீழேயே நிக்கணும், அது ஒண்ணுதான் தறிக்குத் தெரியும். அதனால படத்தை கிராஃப் தாள்ல கட்டம் கட்டமா மாத்தணும். நிரப்பின கட்டம்னா நூல் மேலே. காலிக் கட்டம்னா கீழே. அப்புறம் அந்த கிராஃபைப் பார்த்து அட்டை அடிக்கணும்: துளை இருக்கிற இடத்துல ஊசி உள்ளே போகும், நூல் தூக்கும், துளை இல்லாத இடத்துல தூக்காது. நாடா ஒரு தடவை குறுக்கே ஓடுறதுக்கு ஒரு அட்டை. அட்டையை எல்லாம் மாலை மாதிரி கோத்து தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில தொங்கவிட்டா, மிதிக்க மிதிக்க ஒவ்வொண்ணா திரும்பிக்கிட்டே வரும்.

ஒரு கணக்கு போடுவோம். 240 கொக்கி உள்ள ஜக்கார்டு. அங்குலத்துக்கு 80 பாவு நூல்னு வச்சா, மூணு அங்குல அகலத்துக்கு மயில் வரும். அங்குலத்துக்கு 60 ஊடை நூல். மூணு அங்குல உயரம் வேணும்னா 180 அட்டை. மொத்தம் 43,200 கட்டம். ஒவ்வொரு கட்டத்துலயும் ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு. இதையே கம்ப்யூட்டர்ல சேமிச்சா ஆறு கிலோபைட் கூட வராது. காலையில குடும்ப குரூப்புல வர்ற ஒரு 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூப் படம் இதை விடப் பல மடங்கு பெருசு. அந்த ரோஜாப்பூ மத்தியானத்துக்குள்ள டிலீட் ஆயிடும். இந்த மயில் ஒரு கல்யாணச் சேலையில முப்பது வருஷம் இருக்கும்.

இந்தத் துளை அட்டை பிரான்ஸ் நாட்டு லியோன்ல 1804 வாக்குல ஜோசப் மரீ ஜக்கார்ங்கிறவர் கையில முழு வடிவம் பெற்றது. அவருக்கு முன்னாலயும் அந்த ஊர்ல ஆட்கள் முயற்சி பண்ணியிருந்தாங்க. தறிக்கு மேலே உட்கார்ந்து நூல் இழுத்துக் கொடுத்த சிறுவர்களுக்கு வேலை போச்சு, நெசவாளர்கள் கோபப்பட்டாங்க. 1839-ல் ஜக்காரோட உருவத்தையே 24,000 அட்டை கோத்துப் பட்டுல நெய்தாங்க. தூரத்துல இருந்து பார்த்தா அச்சடிச்ச படம்னு நினைப்பீங்க. அதுல ஒண்ணை இங்கிலாந்துல சார்லஸ் பாபேஜ் வாங்கி வச்சிருந்தார். அவர் கணக்குப் போடுற இயந்திரம் ஒண்ணைக் கற்பனை பண்ணினப்போ, அதுக்குக் கட்டளை கொடுக்க இந்தத் தறி அட்டையைத்தான் எடுத்துக்கிட்டார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹாலரித் துளை அட்டையைப் பயன்படுத்தினார். அங்கேயிருந்து கம்ப்யூட்டர், அங்கேயிருந்து உங்க கையில இருக்கிற போன். "எங்களுக்குத் தொழில்நுட்பம் எல்லாம் தெரியாதுங்க"ன்னு ஒரு நெசவாளர் சொல்லும்போது எனக்குச் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும். உங்க தறியோட பேரன்தான்யா அந்தப் போன்.

சரி, இன்னைக்கு என்ன நடக்குது? கிராஃப் தாள் போய் சாஃப்ட்வேர் வந்திருக்கு. அட்டை இல்லாத எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்திருக்கு. டிசைனை பென் டிரைவ்ல போட்டா போதும். இப்போ புதுசா ஏஐ. "தாமரைக் குளத்துல அன்னப்பறவை, முந்திக்கு ஏத்த மாதிரி"ன்னு போன்ல எழுதினா அரை நிமிஷத்துல நாலு படம் கொடுக்குது. பார்க்கவும் நல்லா இருக்கு. கல்லூரிப் பிள்ளைங்க என்கிட்ட ஆசையா கொண்டுவந்து காட்டுறாங்க.

அந்தப் படம் தறிக்கு வராது. அதுதான் விஷயம். ஏன் வராதுன்னு கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா டிசைனர்ங்கிறவரோட வேலையே இங்கேதான் ஆரம்பிக்குது.

ஏஐ படத்துல அன்னத்தோட கழுத்து வழுவழுன்னு வளையும். தறியில வளைவே கிடையாது, எல்லாம் படிக்கட்டுதான். எந்த இடத்துல ரெண்டு கட்டம் ஏறி ஒரு கட்டம் தள்ளினா கண்ணுக்கு வளைவா தெரியும்னு கிராஃப் போடுறவர் கை அறியும். அடுத்தது நிறம். படத்துல நாப்பது வகைப் பச்சை இருக்கும். ஊடையில ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நாடா மாத்தணும், நேரம் ஆகும், கூலிக்குக் கட்டுப்படி ஆகாது. ரெண்டு, மூணு நிறத்துக்குள்ள நாப்பது நிறம் இருக்கிற மாதிரி காட்டுறதுதான் வித்தை. மூணாவது, நூல் மிதக்கிறது. ஒரு பெரிய தாமரை இதழை ஒரே நிறமா நிரப்பினா, ஊடை நூல் நடுவுல எங்கேயும் பிடிப்பு இல்லாம நீளமா துணி மேலே மிதக்கும். சேலை கட்டின முதல் நாளே வளையல்ல மாட்டும், மெட்டியில மாட்டும், இழுத்துக்கிட்டு வரும். அதனால இதழுக்குள்ள சின்னச் சின்னப் புள்ளியா நூலைக் கட்டிப் போடணும். நல்ல கிராஃப்ல அந்தக் கட்டுப் புள்ளியே இதழோட நரம்பு மாதிரி அழகா விழுந்திருக்கும். தேவையே அழகா மாறின இடம் அது. நம்ம பழைய சேலைகள்ல ருத்திராட்சம், கோபுரக் கரை, மாங்காய் எல்லாம் ஏன் அந்த வடிவத்துல இருக்குன்னு பார்த்தா, தறி சம்மதிச்ச வடிவம் அது.

ஏஐயை ஒதுக்கச் சொல்றேன்னு நினைக்க வேண்டாம். யோசனை கிளப்ப அது நல்ல துணை. ஆனா எல்லாரும் அதே மாதிரி கேட்டா எல்லாருக்கும் அதே மாதிரி மயில்தான் வரும். கிராஃப் போடத் தெரிஞ்ச ஒருத்தருக்கு ஏஐ பத்து மடங்கு பயன்படும். தெரியாதவருக்கு அது வால்பேப்பர். புள்ளிக் கோலம் போடுற பெண்களுக்கு கிராஃப் படிக்கிறது நாலு நாள் பாடம்தான். 2019-20-ல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்புப்படி இந்தத் தொழில்ல இருக்கிறவங்க 35 லட்சத்துக்கு மேல. அதுல 25 லட்சத்துக்கு மேல பெண்கள். தார் சுத்துறதுல இருந்து பாவு புணைக்கிறது வரைக்கும் பெண்கள் இருக்காங்க. டிசைன் மேஜையில எத்தனை பேர் இருக்காங்கன்னு நீங்களே உங்க தெருவுல எண்ணிப் பாருங்க.

இனி நான் வந்த வேலையைச் சொல்றேன்.

ஒரு குடும்பம் புதுசா ஒரு கரை டிசைன் யோசிச்சு, கிராஃப் போட்டு, அட்டை அடிச்சு, முதல் சேலையைத் தறியில இருந்து அறுத்து எடுக்குது. சந்தோஷத்துல மகன் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வைக்கிறான். மூணு வாரம் கழிச்சு அதே கரை, எங்கேயோ விசைத்தறியில ஓடி, மூணுல ஒரு பங்கு விலையில ஆன்லைன்ல விக்குது. கைத்தறியில ஒரு சேலை நெய்ய நாள் கணக்கு ஆகும். அந்தப் பக்கம் அதுக்குள்ள எத்தனை இறங்கும்னு சொல்ல வேண்டியதில்லை. முன்னெல்லாம் ஒருத்தர் டிசைனைத் திருடணும்னா சேலையை வாங்கணும், பூதக்கண்ணாடி வச்சு நூல் எண்ணணும். இப்போ நல்ல கேமரா போன் ஒண்ணு போதும்; படத்துல இருந்து கட்டம் பிரிச்சுக் கொடுக்க மென்பொருளே இருக்கு. தொழில்நுட்பம் நமக்குக் கொடுத்த அதே வசதியை அவங்களுக்கும் கொடுத்திருக்கு.

இதுக்கு ஒரு சட்டம் இருக்கு: வடிவமைப்புச் சட்டம், 2000. புது டிசைனைப் பதிவு பண்ணினா 10 வருஷம் அது உங்களுக்கு மட்டும். நீட்டிக்கக் கேட்டா இன்னும் 5 வருஷம். துணிக்குனு தனி வகுப்பே இருக்கு. விண்ணப்பங்களைப் பரிசீலிக்கிறது கொல்கத்தா அலுவலகம்; சென்னை கிண்டியில இருக்கிற காப்புரிமை அலுவலகத்துலயும் விண்ணப்பம் கொடுக்கலாம், ஆன்லைன்லயும் போடலாம். தனிநபருக்குக் கட்டணம் 1,000 ரூபாய். டிசைனோட தெளிவான படங்கள், இதுல எது புதுசுன்னு ஒரு சின்னக் குறிப்பு, விண்ணப்பப் படிவம். சிக்கலான காகித வேலை இல்லை.

ஆனா ஒரு நிபந்தனை இருக்கு, அதுலதான் நம்ம ஆட்கள் விழுறாங்க. விண்ணப்பம் போடுறதுக்கு முன்னால அந்த டிசைன் எங்கேயும் வெளியாகியிருக்கக் கூடாது. இந்தியாவுலயும் சரி, வெளிநாட்டுலயும் சரி. எல்லாரும் பார்க்கிற மாதிரி இன்ஸ்டாகிராம்ல போட்டா அது வெளியானதுதான். கடையில தொங்கவிட்டாலும் வெளியானதுதான். அதாவது அந்த மகன் ஆசையா போட்ட ஸ்டேட்டஸ், திருடனுக்கு வழி காட்டினது மட்டுமில்லாம, அப்பாவோட பதிவு உரிமையையும் கேள்விக்குள்ளாக்கிடுச்சு. அதனால வரிசை இதுதான்: முதல்ல விண்ணப்பம், அப்புறம் ஸ்டேட்டஸ்.

"அப்போ யார்கிட்டயும் காட்டாம ஆர்டர் எப்படிய்யா வாங்குறது?" நியாயமான கேள்வி. சட்டத்தோட 16-ஆம் பிரிவு இதுக்கு வழி வச்சிருக்கு. ரகசியமா வச்சுக்கணும்னு சொல்லி, நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட காட்டினா அது வெளியானதா ஆகாது. பதிவு செய்யப்போற புதுத் துணி டிசைனுக்கு முதல் ஆர்டரை ரகசியமா வாங்கிக்கலாம்னு அந்தப் பிரிவே சொல்லுது. ஆனா வாய் வார்த்தையில விட வேண்டாம். "இது பதிவுக்குப் போகுற டிசைன், வெளியில காட்டக் கூடாது"ன்னு ஒரு வரி எழுதி, சரின்னு பதில் வாங்கி வச்சுக்கோங்க.

இன்னொருத்தர் கேட்பார்: படம் வரைஞ்சாலே பதிப்புரிமை தானா வந்துடுமே, எதுக்குப் பதிவு? ஓவியத்துக்கு வரும். ஆனா பதிவு செய்யக்கூடிய ஒரு டிசைனைப் பதிவு செய்யாம விட்டுட்டு, தொழில் முறையில 50 தடவைக்கு மேல உற்பத்தி பண்ணிட்டா, 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தோட 15-ஆம் பிரிவுப்படி அந்த உரிமை போயிடும். ஐம்பது சேலைங்கிறது எவ்வளவு சின்ன எண்ணிக்கைன்னு உங்களுக்குத் தெரியும்.

எல்லாத்தையும் பதிவு பண்ண முடியுமா? முடியாது, கூடவும் கூடாது. மாங்காயும் ருத்திராட்சமும் நம்ம எல்லாருக்கும் சொந்தம். அதை ஒருத்தர் பேர்ல எழுதி வாங்குறது நியாயமும் இல்லை. அதுல நீங்க புதுசா என்ன சேர்த்தீங்களோ, அதுக்குத்தான் உரிமை.

புவிசார் குறியீடு வேற விஷயம், ரெண்டையும் குழப்பிக்க வேண்டாம். மதுரை சுங்குடிக்கு 2005-ல் கிடைச்சது. செட்டிநாட்டுக் கண்டாங்கிக்கு 2019-ல். அது அந்த ஊருப் பேரைக் காப்பாத்துற ஏற்பாடு. சுங்குடின்னா கையால ஆயிரக்கணக்குல முடிச்சுப் போட்டு, சாயத்துல முக்கி, முடிச்சை அவிழ்த்தா வர்ற புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் கோணலா, நடுவுல ஒரு சின்னக் கறையோட இருக்கும். இன்னைக்குக் கடையில சுங்குடின்னு கிடைக்கிறதுல பெரும்பகுதி அச்சடிச்ச புள்ளி. குறியீடு வந்து இத்தனை வருஷம் ஆகியும் முடிச்சுப் போடுற கை குறைஞ்சுக்கிட்டுத்தான் வருது. சட்டம் பேரைக் காப்பாத்தும். கையைக் காப்பாத்த வாங்குறவங்க வேணும்.

சட்டத்தோட குறையையும் மறைக்காம சொல்லிடுறேன். பதிவு செஞ்ச டிசைனைத் திருடினா, ஒரு மீறலுக்கு 25,000 ரூபாய் வரைக்கும், ஒரு டிசைனுக்கு மொத்தம் 50,000 வரைக்கும் கேட்கலாம். இல்லைன்னா தடை உத்தரவும் நஷ்ட ஈடும் கேட்டு மாவட்ட நீதிமன்றத்துல வழக்குப் போடலாம். நம்ம மாவட்டத்துக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூர். தறியை நிறுத்திட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாய்தா வாய்தாவா அலைய எந்த நெசவாளராலும் முடியாது. அதனால என்னோட அபிப்பிராயம், தனி ஆளா பதிவு பண்றதை விட கூட்டுறவுச் சங்கத்து பேர்லயோ, நாலஞ்சு குடும்பம் சேர்ந்தோ பதிவு பண்றது நல்லது. வழக்கு நடத்தவும் அலையவும் ஆள் இருக்கும். டிசைன் போட்டவர் பேரும் அவருக்கான பங்கும் சங்கத் தீர்மானத்துலயே எழுதியிருக்கணும். அதை விட்டுட்டு அப்புறம் சண்டை போடக் கூடாது.

இப்போ சேலை வாங்குற உங்களுக்கு. கைத்தறியா விசைத்தறியான்னு பார்த்தே சொல்லிடுவேன்னு சில பேர் சொல்வாங்க. ஓரத்துல ஊசித் துளை இருக்கான்னு பாரு, பின்பக்கம் திருப்பிப் பாருன்னு யூடியூப்ல நிறைய வீடியோ இருக்கு. பழகின கண்ணுக்கு அது உதவும். சாதாரணமா நம்மளால முடியாது. விசைத்தறித் துணியிலயும் ஓரத்துளை வரும். 2006-ல் இருந்து கைத்தறி முத்திரைன்னு ஒரு லேபிள் இருக்கு. அதைக் கேட்டு வாங்குங்க. லேபிள்ல கியூஆர் குறி இருந்தா ஸ்கேன் பண்ணுங்க. ஆனா ஸ்கேன் பண்ணினதும் ஏதோ பச்சை டிக் வந்துச்சுன்னு திருப்தி ஆயிடாதீங்க. திறக்கிற முகவரி எங்கே முடியுதுன்னு பாருங்க. அரசு இணையதளம்னா 'ஜிஓவி டாட் இன்'னு முடியும். யார் வேணா ஒரு கியூஆர் அச்சடிச்சு ஒட்டலாம், அதுக்கு அஞ்சு நிமிஷம் போதும். விசைத்தறித் துணியைக் கைத்தறின்னு சொல்லி வித்தா ரசீதை வச்சுக்கிட்டு 1915-க்கு போன் பண்ணுங்க. அது தேசிய நுகர்வோர் உதவி எண். கைத்தறிக்குனு ஒதுக்கின 11 வகைத் துணிகளை விசைத்தறியில நெய்யறதையே 1985-ஆம் வருஷச் சட்டம் தடுக்குது. கரையும் முந்தியும் போட்ட சில சேலை வகைகளும் அந்தப் பட்டியல்ல வருது.

கண்காட்சிக்குப் போனா இன்னொரு விஷயம். நெசவாளரோட சேலை போட்டோவைப் போடுங்க, விற்பனைக்கு உதவும், நல்லதுதான். போடலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க. கிராஃப் தாளையும் அட்டையையும் மட்டும் எப்பவும் படம் எடுக்காதீங்க. அது சமையல் குறிப்பு இல்லை, கடைச் சாவி.

ஒரு தங்கச்சி சீட்டு எழுதிக் கொடுத்திருக்கு: "சார், எங்க அப்பா போட்ட டிசைனைப் போன வருஷமே இன்ஸ்டாகிராம்ல போட்டுட்டேன். இனிமே என்ன செய்றது?" அந்த டிசைனை அப்படியே பதிவு பண்ண முடியாதும்மா. ஆனா அதை வச்சு அப்பா அடுத்து வேற மாதிரி ஒரு கரை போட்டா, புதுசா இருக்கிற பகுதிக்கு விண்ணப்பிக்கலாம். அதை யார்கிட்டயும் காட்டாதீங்க. அந்தப் பழைய போஸ்ட்டை அழிச்சுடாதே. அதுல தேதி இருக்கு. நாளைக்கு வேற யாராவது அதே டிசைனைத் தன் பேர்ல பதிவு பண்ணிட்டு உங்க அப்பாவுக்கே நோட்டீஸ் அனுப்பினா, இது முன்னாடியே வெளியான டிசைன்னு காட்டி, 19-ஆம் பிரிவுல அந்தப் பதிவை ரத்து பண்ணக் கேட்கலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தச் சேலையோட கிராஃப் தாளையும் முதல் அட்டைக்கட்டையும் சேர்த்துப் பத்திரமா வை. அட்டையை எலி கடிக்காம பார்த்துக்கோ.